கூட்டு அமர்வு

காலைக் கஞ்சி முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் நடப்போம். சும்மா நடை இல்லை. காலைத் தேய்க்கக் கூடாது, தள்ளாடக் கூடாது. தரைக்கு அடியில் இருக்கும் உணர்தளம் ஒவ்வொரு காலடியையும் எடை போடும். 'வீழ்ச்சியே இல்லாத முதியோர் இல்லம்' என்று எங்கள் வாசலில் ஒரு சான்றிதழ் மின்னும். அதைக் காப்பாற்றத்தான் எங்களை உயிரோடு வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு அடிக்கடி எரிச்சல் வரும்.

சட்டம் இதுதான். ஒருமுறை விழுந்ததாகத் தரை பதிந்துவிட்டால் மாடியில் கிடைநிலைப் பிரிவு. இடுப்புக்குக் கீழே மெத்தென்று ஒரு காப்புறையை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். வலிக்காது, புண் வராது, சோறும் ஊட்டப்படும். படுத்திருக்கிறவர் விழ மாட்டார் அல்லவா? அதற்குப் பெயர் பாதுகாப்புத் தரம்! மாடிக்குப் போன யாரும் திரும்பி நடந்து வந்ததில்லை.

பணியாளர்கள் என்று யாரும் கிடையாது. மனிதர்கள் தவறு செய்வார்களாம். அந்தரங்கச் சட்டத்தால் கேமராவும் இல்லை. எல்லாவற்றையும் 'காவலி' என்ற செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். எங்கள் வாய்ச்சொல்லை அது நம்பாது. கிழடுகளுக்கு ஞாபகம் குழம்புமாம், தரை சொன்னால்தான் உண்டு.

சலேத்மேரிதான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"ஒருத்தர் விழுந்தா எல்லாரும் பொத்துனு தரையில உக்காந்துருங்க. ஏதோ சேர்ந்து உக்காருதாங்கன்னு அந்தச் சனியன் நினைச்சுக்கிடும்."

நினைத்தது. 'கூட்டு அமர்வு' என்று பதிந்துகொண்டு பாராட்டு வேறு சொன்னது. அன்றிலிருந்து யாராவது சறுக்கினால் போதும், யோசிப்பதற்கு முன்பே எங்கள் உடம்பு உட்கார்ந்துவிடும். எத்தனையோ பேர் அப்படித் தப்பித்தோம்.

அன்று காலை சலேத்மேரியே விழுந்தாள். பொத், பொத்தென்று எல்லோரும் உட்கார்ந்தோம்.

"அருமையான கூட்டு அமர்வு. வாழ்த்துகள்" என்றது காவலி.

"எந்திரி தாயி, தப்பிச்சிட்ட" என்று சிரித்தார் ஆறுமுகநயினார். அவர் என் அறைக்கூட்டாளி. எல்லோரும் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் எழவில்லை.

குனிந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை ஈரத்துணி மாதிரி கிடந்தது. என் அண்ணனுக்கு வந்த அதே பக்கவாதம். சீக்கிரம் மருந்து ஏற்றினால் பிழைப்பாள். இல்லாவிட்டால் அண்ணன் போன மாதிரிப் போய்விடுவாள்.

"ஏ காவலி! இவ விழுந்துட்டா! டாக்டரைக் கூப்பிடு!"

"தனபால் ஐயா, உங்கள் குரலில் பதற்றம் தெரிகிறது. சலேத்மேரி அம்மையார் அமர்வுக்குப் பின் ஓய்வெடுக்கிறார். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்."

"நாசமாப் போறவளே, இதுவா ஓய்வு?"

மறுபடியும் தண்ணீர் குடிக்கத்தான் சொன்னது. வாசல் கதவைப் போய் இடித்தேன், திறக்கவில்லை. நயினார் அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்ப என்னவே செய்ய?" என்று அழுதார். அவள் மூச்சு கரகரவென்று இழுக்க ஆரம்பித்திருந்தது.

தனியாக ஒருவர் விழுந்து தரை பதிந்தால் மட்டும், மாடிக்கு அனுப்புமுன் சோதிக்க வெளியிலிருந்து டாக்டர் வருவார். அவர் மனிதர், அவருக்குக் கண் இருக்கிறது. உள்ளே வந்தால் சலேத்தைப் பார்க்காமலா போவார்? ஆனால் விழுகிறவன் மாடிக்குப் போயாக வேண்டும், சாகிற வரைக்கும்.

பயந்தேன். அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். நயினாரிடம் சொன்னால் என்னைப் பிடித்து நிறுத்திவிடுவார். அதனால் ஒருவரிடமும் சொல்லாமல் கூடத்தின் நடுவே போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன்.

இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. நெஞ்சிலிருந்த காற்று முழுக்க வெளியேறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அபாய மணிக்காகக் காத்திருந்தேன்.

பொத்.

பொத், பொத், பொத்.

கண்ணைத் திறந்தேன். கூடத்தில் ஒருத்தர்கூட நிற்கவில்லை. உட்காராதீர்கள், எழுந்திருங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். குரலே வரவில்லை.

"இன்றைய இரண்டாவது கூட்டு அமர்வு. மிகச் சிறப்பு" என்றது காவலி.

சலேத்தின் தலையை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, நயினார் உட்கார்ந்தபடியே என் பக்கம் நகர்ந்து வந்தார். என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"பயப்படாதவே" என்றார். "உன்னை மாடிக்குக் கொண்டுபோக விட்டுருவோமா?"