அரசர் கழுத்தில் விழுந்த நிழல்

“இன்னொரு காசு கொண்டு வாங்க சூசை! அப்பதான் இது கள்ளக்காசு இல்லன்னு என்னால எழுதித் தர முடியும்!” என்றாள் வாசுகி.

மதுரையில் பழைய நாணயங்களுக்குத் தரமும் விலையும் சொல்பவள் அவள். இப்போது தூத்துக்குடிக் கடலில், ஆடும் வள்ளத்தில், வாந்தியெடுத்து ஓய்ந்த பிறகும் பூதக்கண்ணாடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு சலாம் போடலாம்!

சூசை சங்கு குளிப்பவன்; கடலில் மூழ்கிச் சங்கெடுப்பதுதான் தொழில். முயல்பாறைக்கு அடியில் அவனுக்கு ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தது. ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் பூமாலை. வீட்டில் கொலுசு துலக்குவதுபோல் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் பழைய காசு வாங்கும் கடைக்காரரிடம் நீட்டினான். புதுசு போன்ற மினுக்கு. அதோடு அரசரின் கழுத்தருகே மாலையின் மங்கலான நிழல் வேறு. “கள்ளக்காசு அடிக்கிறான்!” என்று அவர் ஊரைக் கூட்டிவிட்டார். கூடக் குளிப்பவர்கள் இனி அவனைப் படகில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். கடலை விட்டால் சூசைக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அதனால்தான் வாசுகியைத் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தான்.

“அந்த நெழலு எப்பிடி மேடம் வந்திச்சு?” துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சூசையின் அக்கா பிரகாசி கேட்டாள்.

“காசு அடிக்க மேலயும் கீழயும் ரெண்டு அச்சு. நடுவுல வெள்ளி வைக்க மறந்துட்டா ரெண்டும் மோதிக்கும். மாலையோட தடம் தலை அச்சுல ஏறிடும். அப்புறம் அடிக்கிற காசுல எல்லாம் அந்த நிழல் விழும். ஆனா இந்த ஒண்ணை வச்சு உறுதியா சொல்ல முடியலையே. தேய்ச்சதுல மேல்தோலே போச்சு!”

சூசை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். குமிழிகள் வந்தன, நின்றன. திடீரென்று கயிறு வெட்டி இழுத்தது!

“ஏலே சூச!” பிரகாசி மூச்சைப் பிடித்து இழுத்தாள். வாசுகியும் பாய்ந்து கயிற்றைப் பற்றினாள். மேலே வந்தவனின் கையில் ரத்தம்.

“பாறைப் பொந்துல பாம்பு கணக்கா அஞ்சாலை மீனு கெடந்து கடிச்சிட்டுக்கா! ஆனா நா விடலயே!”

ஒரு சுண்ணாம்புக் கட்டியை வள்ளத்தில் போட்டான். மெல்லத் தட்டியதும் அது பிளந்தது. உள்ளே ஒரு ரூபாய்! பழக்க தோஷத்தில் அவன் கட்டைவிரல் அதைத் தேய்க்கப் போக, பிரகாசி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வாசுகி காசின் விளிம்பைப் பிடித்து, குடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். அதே இடத்தில் அதே நிழல். ஆனால் அரசரின் நெற்றியிலிருந்து ஓரம்வரை, முதல் காசில் இல்லாத ஒரு மெல்லிய கோடு.

“ஐயோ, அப்ப இது வேறயா?” சூசையின் முகம் செத்துப்போனது.

“இல்லப்பா! அடிக்க அடிக்க அச்சு விரிசல் விடும், அதுதான் இந்தக் கோடு. உங்க காசைப் பார்த்து யாராவது வார்த்திருந்தா இதுவும் அச்சு அசலா அப்படியேதான் இருக்கும். இது ஒரே அச்சுதான், ஆனா வயசாகியிருக்கு! ரெண்டும் அசல்!” வாசுகி சிரித்தாள். “இது உயர்ந்த தரம். நிழலைத் தேடி வாங்குறவங்க கூடுதலாவே கொடுப்பாங்க. நீங்க துலக்கினதுக்குத்தான் பாதி விலை போச்சு.”

“வெல கெடக்கட்டும் மேடம்” என்றான் சூசை. அழுதேவிட்டான்.

கடலில் கிடைத்த புதையல் என்பதால், சட்டப்படி இரண்டு காசுகளையும் அரசு அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். வாசுகியின் சான்றைப் படித்த கடைக்காரர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். கை ஆறியதும் சூசை கரைக்குப் போனான். படகில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

கடலில் கிடைப்பதைக் கிடைத்தபடியே கொண்டுவர வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொண்டான். பிரகாசிக்கு அவன்மேல் அந்த நம்பிக்கை போதவில்லை. வீட்டில் பல்பொடி டப்பா இன்னும் அவள் பெட்டிக்குள்தான் பூட்டிக் கிடக்கிறது.