விரல் நுனியில் ஆரஞ்சு!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் பாய்ந்து எடுத்தாள்.

"மேடம்! உங்க வீட்டுக்காரர் கையும் களவுமா மாட்டிக்கிட்டார்!"

பேசியது உணவு ஆராய்ச்சி மையத்து டாக்டரம்மா. எந்தச் சாப்பாடு இன்சுலினை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்க, ஆட்களை உள்ளேயே தங்க வைத்து அளந்து அளந்து சாப்பாடு போடுகிற இடம். வேறு எதையாவது வாயில் வைத்தால்... அன்றைக்கே வெளியே!

அங்கேதான் அவள் கணவன், பஸ் டிரைவர். பக்கத்துக் கட்டிலில் அவளைப் பெற்ற அப்பா.

ஜீப் பறந்தது.

வார்டில் டிரைவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டிலில், தலை முதல் கால் வரை இழுத்து மூடிய போர்வை.

அசைவே இல்லை!

"ஐயோ... அப்பாவுக்கு என்னாச்சு?"

"அசந்து தூங்கறார். இவரைக் கவனிங்க! வெறும் வயித்துல விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரை இருநூத்தி நாப்பது! குப்பைக்கூடையில ஆரஞ்சுத் தோல்!"

"சத்தியமா என் நாக்குல படலைம்மா!" டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். "இங்க வந்துதான் முதல் தடவையா சர்க்கரை இறங்கியிருக்கு. மறுபடி ஏறினா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. அனுப்பிடாதீங்க டாக்டர்!"

"ரூல்னா ரூல்! மூட்டையைக் கட்டுங்க!"

அப்போது லேப்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டாக்டர்! அதே நேரத்துல நரம்புல எடுத்த ரத்தம்... சர்க்கரை நார்மல்! இன்சுலினும் கம்மி!"

டாக்டரம்மா திகைத்தாள். "சாப்பிட்டிருந்தா ரெண்டும் ஏறியிருக்கணுமே!"

இன்ஸ்பெக்டர் கணவனின் விரலை முகர்ந்தாள். கும்மென்று ஆரஞ்சு வாசம்!

"நர்ஸ்! குத்தறதுக்கு முன்னால கையைக் கழுவச் சொன்னீங்களா?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவசரத்துல... மறந்துட்டேன் மேடம்!"

சோப்பு வந்தது. கை கழுவித் துடைத்து, மறுபடி ஒரு குத்து.

தொண்ணூற்றாறு!

"பழச்சாறு விரல்லதான் இருந்திருக்கு. வயித்துல இல்லை!" டாக்டரம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிடுங்க சார். நீங்க இங்கேயே இருங்க."

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"உரிச்சது நீங்க. தின்னது யாரு?"

டிரைவர் கூரையைப் பார்த்தான்.

"சரி... பக்கத்துக் கட்டில்காரருக்கும் ரத்தம் எடுங்க! தின்னிருந்தா இன்சுலின் சொல்லிடும்!"

போர்வை கிடுகிடுவென்று நடுங்கியது!

"வேணாம்! ரத்தம் எடுக்காதீங்க! நான்தான் தின்னேன்!"

"அப்பா!"

"தலையணை உறைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தேன். ரத்தம் எடுக்கக் கையில ஊசி மாட்டியிருக்கே, உரிக்க வரலை. மாப்பிள்ளை உரிச்சுக் கொடுத்தார். கடைசி வரைக்கும் காட்டிக் கொடுக்கலை பாரு... தங்கம்!"

"நீங்க வெளியே!" என்றாள் டாக்டரம்மா.

"என்கூட வாங்கப்பா. இனிமே நான்தான் சமைப்பேன். நான்தான் அளந்து போடுவேன்."

அப்பாவின் முகம் வெளிறியது. இரண்டு கைகளையும் மகள் முன்னால் நீட்டினார்.

"விலங்கு மாட்டிடும்மா... லாக்கப்ல வாய்க்கு ருசியாவாவது போடுவாங்க!"