நிஷானுக்கு எதிரே ஒரு சைபர்

மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் சிறுவர் பேஸ்பால் குழுக்களிலிருந்து நட்சத்திர அணியைத் தெரிவு செய்தார்கள். கடைசி இரண்டு இடங்களை மட்டும் இரசிகர்கள் இணையத்தில் வாக்களித்து நிரப்ப வேண்டும். ஒரு வாரம் அவகாசம். ஒரு போனிலிருந்து நாளுக்கு ஒரு வாக்கு.

ஐந்து பேர் போட்டியில் இருந்தார்கள். பதினொரு வயது வித்தியா இரண்டாவதாக நின்றாள். அவளுடைய அப்பா டொரொண்டோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று ஒரு சொந்தக்காரரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு மாமி, பிள்ளை எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு வாக்குப் போட்டார்.

கடைசிப் பெயர் நிஷான். வித்தியாவின் குழுவில் மூன்றாம் பேஸைக் காத்து நிற்பவன். எட்டு மாதங்களுக்கு முன்தான் அப்பாவோடு மொன்ட்ரியாலுக்கு வந்திருந்தான். அவன் பெயருக்கு எதிரே, எல்லாரும் பார்க்கும்படி, சைபர் நின்றது. ஆறு நாளாக அது மாறவில்லை. அவனும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

கடைசி நாள் மழை தூறியது. பயிற்சிக்குப் போகும் வழியில் வித்தியா அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். இனி விளையாட வரமாட்டேன் என்றான் நிஷான். அப்பாவின் போனில் உனக்கு நீயே ஒன்று போட்டிருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"வெட்கமாக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் உனக்குத்தான் போட்டனான்."

"ஏன்?"

"நான் பயிற்சிக்கு வந்த முதல் நாள் என்னோட கதைச்சது நீதானே."

வித்தியா படியிறங்கிப் போய்விட்டாள்.

பூங்காவில், கொட்டகைக்குள் அவளுடைய குழுவினர் எட்டுப் பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அன்றைய வாக்கை வித்தியாவுக்குப் போட எல்லாரும் காத்திருந்தார்கள். அதை நிஷானுக்குப் போடச் சொன்னாள் அவள்.

"நீ தோற்றுப்போனால்?" என்று அவர்களில் ஒருத்தியான றெபேக்கா பிரெஞ்சில் கேட்டாள்.

வித்தியா தெரியாது என்று சொல்லிவிட்டு, முதலில் தன் வாக்கை அவனுக்குப் போட்டாள். சைபர் ஒன்றாகியது. மற்றவர்களும் போட, ஒன்பதாகியது.

அன்று மாலையே முடிவு வந்தது. வித்தியா மூன்றாவது. இரண்டாம் இடத்துக்கு ஆறு வாக்குகள் குறைவு.

"அந்த எட்டுப் பேரும் உனக்குப் போட்டிருந்தால்…" என்று தொடங்கிய அப்பா, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கணக்கை அவள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். தலையணை நனையும்வரை அழுதாள்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியின்போது வானம் மூடிக் கிடந்தது. நிஷான் பிந்தி வந்தான். வித்தியாவின் அருகே ஒரு கணம் நின்றான்.

"ஒன்பது," என்றான்.

"ஓம்," என்றாள் அவள்.

அவன் தன் இடத்துக்குப் போனான். பயிற்சியாளர் சேவியர் ஓங்கி அடித்த பந்து ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போனது. நிஷான் குனிந்து அள்ளி, மைதானத்தின் குறுக்கே வித்தியாவுக்கு எறிந்தான். கையுறைக்குள் வந்து விழுந்த பந்து அவளுடைய உள்ளங்கையைச் சுட்டது.

வித்தியா பந்தைத் திருப்பி அவனுக்கே எறிந்தாள்.

"இன்னொருக்கா எறி," என்றாள்.