இரண்டாம் சரணத்து விம்மல்

இன்னாசி பர்னாந்தின் உடலைக் கூடத்தில் கிடத்தி முடிப்பதற்குள் சுவரிலிருந்த துணையிசைவி இரண்டு தடவை வயலின் வாசித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாசலில் கால் வைத்ததுமே விம்மினாள், உடனே வயலின். இன்னாசியின் தங்கை வந்து விழுந்து அழுதாள். மறுபடியும் வயலின், இந்த முறை புல்லாங்குழலும் கூட. அழுகை ஓய்ந்ததும் இசையும் மரியாதையாக ஓய்ந்தது.

தூத்துக்குடியில் இப்போது துணையிசைவி இல்லாத சுவர் கிடையாது. எந்தப் பாட்டின் எந்தத் துணுக்கை முணுமுணுத்தாலும், இன்ன பாட்டென்று கண்டுபிடித்துக் கூடவே பின்னணி வாசிக்கும். குளியலறைப் பாடகர்களுக்கெல்லாம் வாழ்வு வந்தது. நல்ல கருவிதான். சாவு வீட்டைப் பற்றி மட்டும் செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

செலஸ்டினா கணவனின் தலைமாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த வயலின் எந்தப் பாட்டுக்கு உரியது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் பாடிய பாட்டு.

'நங்கூரம் தூக்காதே' என்ற அந்தப் பாப் பாட்டை அவள் பாடியது கல்யாணத்துக்கு முன்னால். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது, அண்ணன் போன தோணி கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. "இந்த ஒரு சரணத்த முடிச்சுட்டுப் போம்மா" என்றார் இசையமைப்பாளர். முடித்தாள். இரண்டாம் சரணத்தில் 'போகாதே' என்ற சொல்லுக்கு முன்னால் மூச்சு இரண்டாக உடைந்து ஒரு விம்மல் விழுந்தது. அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

பிறகு ஆளாளுக்குப் பாடினார்கள். கல்யாணக் கச்சேரியில் கிளாரினெட் விம்மியது. பினாங்கில் ஒரு குழு அக்கார்டியனில் விம்மியது. குத்துப்பாட்டாக்கியவர்கள் அந்த இடத்தில் தாளத்தை நிறுத்தி ஒரு விக்கல் வைத்தார்கள். சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண் விம்மிவிட்டுச் சிரித்தாள். மெட்டை மாற்றினார்கள், வரியை மாற்றினார்கள், விம்மலை மட்டும் ஒருவரும் விடவில்லை. அந்த விம்மலுக்குள் ஒரு செத்த அண்ணன் இருக்கிறான் என்பது யாருக்குத் தெரியும்? செலஸ்டினா அதன்பின் பாடவே இல்லை.

இன்னாசிக்குத் தெரியும். எந்தக் கடையில், எந்தப் பேருந்தில் அந்தப் பாட்டு வந்தாலும், இரண்டாம் சரணம் நெருங்கும்போது அவர் சத்தமாக இருமுவார். விம்மல் அவள் காதில் விழாது. வாழ்நாள் முழுக்க அப்படி இருமினார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏட்டி பிலோ, அத நிப்பாட்டச் சொல்லு. உங்கப்பாவுக்கு ஒரு தடவ நான் பாட்டில்லாம அழணும்" என்றாள் மகளிடம்.

காலையிலிருந்து குழிக்கும் பெட்டிக்கும் அலைந்துகொண்டிருந்த பிலோமினா, துணையிசைவிகளை நடத்தும் இசைவிக் கழகத்துக்கும் சொல்லி அனுப்பினாள். தணிகைவேல் என்ற அலுவலர் கைக்கருவியோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உடலைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"ஒரு வீட்டுல மட்டும் நிறுத்த முடியாதும்மா. எல்லாம் ஒரே வலை. அந்த விம்மலத்தான் பாட்டுக்கு அடையாளக்குறியா வச்சிருக்கு. ஆனா மூலப் பாடகி கேட்டா குறியவே எல்லா ஊருலயும் அழிச்சிரலாம். நீங்கதான் பாடுனீங்கன்னு கருவி ஒத்துக்கணும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அழுது காட்டணும்மா."

பெண்கள் அவரை அடிக்காத குறைதான். செலஸ்டினா கையமர்த்தினாள். கணவனின் மூடிய வாயைப் பார்த்தாள். இனி யார் இருமுவார் என்று தோன்றியது. அவ்வளவுதான், அழுகை வந்தது. கீழ்க்குரலில், நீளமாக, எங்கும் உடையாமல் வந்தது.

கைக்கருவி சொன்னது: "ஒப்புமை குறைவு. போலிக் குரல்."

தணிகைவேலுக்கு முகம் கறுத்துவிட்டது. "லட்சக்கணக்கான பேர் பாடுனதோட சராசரிய வச்சுத்தான் இது பாக்கும். உங்க பதிவும் அதுல ஒண்ணு, அம்புட்டுத்தான். மன்னிச்சுக்கோங்கம்மா."

"அப்ப நான் நானில்லன்னு சொல்லுதா?"

சொல்லிவிட்டுத்தான் கவனித்தாள். சுவர் சும்மா இருந்தது. அவள் அழுதும் ஒரு வயலின்கூட எழவில்லை.

"பரவால்ல தம்பி. என்னைய அதுக்கு அடையாளம் தெரியல. அது போதும்" என்றாள்.

பிறகு குனிந்து கணவனின் நெற்றியில் முகம் வைத்து, ஆசை தீர அழுதாள். கூடம் அமைதியாக இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அவர் மட்டுமே மிச்சமிருந்தார்.

அம்மா அழுவதைக் கண்டதும் பிலோமினாவால் தாங்க முடியவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். மூச்சு இரண்டாக உடைந்து ஒரு விம்மல் விழுந்தது. அதே இடத்தில், அதே உடைப்பு. வயலின்கள் கிளம்பின. புல்லாங்குழல் கிளம்பியது. தெருக்கம்பத்து இசைவியும் சேர்ந்துகொண்டது. அடுத்து நின்ற பெண்கள் தங்களை அறியாமலே 'போகாதே' என்று முணுமுணுத்தார்கள்.

பிலோமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அதே விம்மல்தான் வந்தது.

"யம்மா, எனக்கு இப்படித்தாம்மா அழ வருது. வேற மாதிரி வரலியே."

தொட்டிலில் கிடந்தபோதே தெருவிலிருந்து கேட்ட பாட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடிய பாட்டு. ஊரே அப்படித்தான் அழக் கற்றிருந்தது. அவள் மட்டும் என்ன செய்வாள்? செலஸ்டினா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மகளின் சொந்த அழுகையை எங்கே போய்த் தேடுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

அடுத்த விம்மல் வருவதற்குள் அவள் சத்தமாக இருமினாள். அவர் இருமுவதைப்போலவே, தொண்டையைச் செருமி, பெரிதாக. வயலின் தடுமாறியது. இன்னொரு தடவை இருமினாள். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அந்த இருமலை அவளுக்கும் தெரியும்.

மூன்றாவது இருமலுக்குத் துணையிசைவி தபலாவைச் சேர்த்தது.