செபத்தின் மறுபாதி

ஜேசுரட்ணம் அந்த இடிந்த மாதா கோயிலில் வேலைக்குச் சேர்ந்தது 2003 நவம்பரில். பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் கடைசித் தரிப்பு, பிறகு பஸ், பிறகு சேறு. கூட்டுவதும் மாலை ஐந்துக்குக் கம்பிக் கதவைப் பூட்டுவதும்தான் வேலை. ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் மன்னாரிலிருக்கும் மனைவி அன்ரனிற்றாவுக்கு விசா.

"கூரையுமில்லாத கோயிலை ஏன் பூட்டுறியள்? ஆர் களவெடுக்கப் போயினம்?" என்று போனில் சிரித்தாள் அவள்.

கோயிலின் கதையை மேலதிகாரி லிண்ட்னர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். 1349இல் கொள்ளைநோய். நோய் கண்டவர்கள் உள்ளே போய் மாதாவை மன்றாட, வெளியே நின்ற சொந்தக்காரர்கள் வாசலைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். செபச் சத்தம் பதினொரு நாள் கேட்டதாம். பன்னிரண்டாம் நாள் ஊர் நிம்மதியாகத் தூங்கியதாம். சொல்லி முடித்து, கூட்டுகிற தும்புத்தடி இருக்கும் இடத்தைக் காட்டினார்.

வேலை தொடங்கி இரண்டாம் கிழமை. மூடுபனி. திறந்த வானத்தின் கீழே, பூட்டிய அறையில் பலர் நெருங்கிக் கிடந்த வாடை. ஜேசுரட்ணம் கதவைப் பூட்டத் திறப்பை எடுத்தபோது பீடத்துச் சுவரிலிருந்து முணுமுணுப்பு வந்தது. லத்தீன். அவருக்குப் புரிந்தது 'ஆவே மரியா' மட்டுமே. ஆனால் செபமாலையின் தாளத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பாதியில் நின்றது.

செபமாலையில் ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் முடிக்கவேண்டும். ஐந்து வயதிலிருந்து பழகிய நாக்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

மறுபாதியைத் தமிழில் சொல்லிவிட்டார்.

அமைதி. பிறகு, பலர் ஒன்றாக மூச்சை உள்ளிழுக்கும் சத்தம்.

முதற்பாதி மறுபடி தொடங்கியது. பக்கத்தில்.

பதில் சொல்லிக்கொண்டே கதவைப் பூட்டினார். திறப்பு மூன்று முறை விழுந்தது.

மறுநாள், சும்மா கேட்பதுபோல லிண்ட்னர் அம்மாவிடம் விசாரித்தார். அந்தக் காலத்தில் இந்தச் செபத்துக்கு மறுபாதியே இல்லை என்றார் அவர். மரண நேரத்தில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற பகுதி, அவர்கள் செத்து இருநூறு வருடம் கழித்துத்தான் வழக்கத்துக்கு வந்ததாம்.

கேட்கத் தெரியாமல் செத்தவர்களுக்கு ஜேசுரட்ணம் கேட்டுக் கொடுத்திருக்கிறார்.

வேலையை விட்டுவிடலாம். விட்டால் விசா இல்லை. ஆகவே ஒவ்வொரு மாலையும் பதில் சொன்னார், பூட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகும் நாள்களில், சீக்கிரம் முடியட்டுமென்று முதற்பாதியையும் தானே தமிழில் தொடங்கிவைத்தார். அவர்கள் கூர்ந்து கேட்டார்கள்.

வேலை நிரந்தரமானது. விசா வந்தது. அன்ரனிற்றாவை விமானநிலையத்திலிருந்து கூட்டிவருவதற்காக ஜேசுரட்ணம் முதல் தடவையாக ஒருநாள் லீவு எடுத்தார்.

அன்று ஐந்து மணிக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்த கையோடு அன்ரனிற்றா செபமாலையை எடுத்துக் கண்ணை மூடினாள். "தொடங்குங்கோப்பா."

"இண்டைக்கு வேண்டாம்," என்று சொல்ல நினைத்தார்.

முதற்பாதி தொடங்கியது. சுத்தமான தமிழில்.

அன்ரனிற்றா மறுபாதியைச் சொல்லி முடித்தாள். "ஏனப்பா குரல் இப்பிடி அடைச்சுக் கிடக்கு?"

ஜேசுரட்ணம் இன்னும் வாயே திறக்கவில்லை.

அவள் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால், நிறையப் பேர் ஒன்றாக மூச்சை உள்ளிழுத்தார்கள்.