முன்னணையில் ஒரு குழி

முன்னணையில் பரப்பிய வைக்கோலில் ஒரு குழி விழுந்திருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாண் நீளமுள்ள அந்தச் சின்ன மரத்தொட்டியில் முந்தின நாள் சாயங்காலம் சாலம்மாள் தன் கையாலேயே வைக்கோலை நறுக்கிப் போட்டு, மேலே மட்டமாகத் தட்டி வைத்திருந்தாள். காலையில் ஹாலின் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் திரும்பியபோது அது நடுவில் அமுங்கியிருந்தது. தலைப்பக்கம் ஆழமாக, கால்பக்கம் லேசாக, யாரோ படுத்து எழுந்துபோன மெத்தை மாதிரி. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே விரலை வைத்தாள். வெளியே வெள்ளிமலை முழுக்கப் பனியில் விறைத்துக் கிடந்தது. வைக்கோல் மட்டும் கதகதவென்று இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் அஞ்சு நாள்தான். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் கட்டிய பங்களா அது. இப்போது சென்னையில் இருக்கும் டாக்டரம்மாவுக்குச் சொந்தம். சாலம்மாளும் அவள் புருஷன் ராசுவும் பதினோரு வருஷமாக அங்கேயே பின்கட்டில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் டாக்டரம்மா குடும்பத்தோடு வந்து இறங்குவாள். அதற்குள் ஹாலில் இருக்கும் கணப்பை ஜோடித்து முடித்திருக்க வேண்டும்.

கணப்பு என்றால், குளிர்காய்வதற்காகச் சுவரைக் குடைந்து கட்டிய அடுப்பு. ஒரு ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவு பெரிய வாய். கூரை மாற்றின வருஷம் புகைபோக்கியைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டதால் அதில் யாரும் நெருப்பு மூட்டுவதில்லை. அதற்கு மேலே நெஞ்சு உயரத்தில், சுவரை ஒட்டி நீளமாக ஒரு கருங்கல் மேடை. அந்த மேடையில்தான் சாலம்மாள் குடில் கட்டுவாள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை, பஞ்சைப் பிய்த்துப் பனி, ஓரமெல்லாம் சவுக்குக் கொத்து, அதன்மேல் ஜிகினாச் சரமும் சீரியல் பல்பும். நடுவில் முன்னணை. அதைச் சுற்றி மாதா, சூசையப்பர், ஒரு இடையன், மூன்று ராஜாக்கள், ஒரு மாடு என்று ஏழு சுரூபங்கள். குழந்தை இயேசு சுரூபம் மட்டும் பீரோவில் பஞ்சில் சுற்றிக் கிடக்கும். இருபத்துநாலு நடுராத்திரி ஜெபம் முடிந்த பிறகுதான் அதை எடுத்துப் படுக்கவைப்பது வழக்கம். அதுவரைக்கும் முன்னணை காலி.

இந்த வருஷம் வீட்டில் தனுஷா இருந்தாள். ஒரே மகள், எட்டு மாசக் கர்ப்பம். மூங்கில்துறைப்பட்டில் வளைகாப்பு முடிந்து கூட்டிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பிரவீன்குமாருக்கு சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு அரவை நடப்பதால் லீவு கிடைக்கவில்லை. போன தடவை அஞ்சாம் மாசத்திலேயே கலைந்துபோயிற்று. அதனால் சாலம்மாள் மகளை ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடவில்லை. இருமினாலும் எழுந்து பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் சோறு போட்டுக் கூப்பிட்டபோது தனுஷா பின்கட்டில் இல்லை. ஹாலில், கணப்புக்கு நேர் எதிரே வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி இது, சில்லுனு தரையில உக்காந்துகினு?"

"இங்கதாம்மா நல்லா இருக்குது. அடுப்பாண்ட உக்காந்தா மாதிரி."

சாலம்மாள் கணப்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். கரிந்த செங்கல், ஒரு பழைய இரும்புத் தட்டு, தூசி. நெருப்பு எங்கிருந்து வரும்? ஆனால் முகத்தில் மெல்லச் சூடு படிந்தது. அதோடு ஒரு வாசனையும். பூண்டும் மஞ்சளும் கசிந்த பாலும் ஈரத்துணியும் கலந்த வாசனை. பச்சை உடம்புக்காரி படுத்திருக்கிற அறையில்தான் அப்படி வீசும். இந்த வீட்டில் அவள் அறிந்து யாரும் பிள்ளை பெற்றதில்லை.

அவள் மகளைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிப்போனாள்.

மறுநாள் காலை மாதா சுரூபம் திரும்பி நின்றது.

மாதா மட்டுமில்லை. முன்னணையைப் பார்த்து வைத்திருந்த அத்தனையும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றன. சூசையப்பரின் கைத்தடி சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. மாட்டின் மூக்கு காகித மலைக்குள் புதைந்திருந்தது. சாலம்மாள் கூப்பிட்டதும் ராசு பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தான்.

"பல்பு போடும்போது நீயே திருப்பி வச்சிருப்ப. வயசாவுதில்ல?"

"ஏழையுமா திருப்புவாங்க? தனுசு எதனா செஞ்சிருப்பாளாங்க?"

"அவ எழுந்து நடக்கறதே பெரும்பாடு. வுடு, சாலா."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். திருப்பும்போது சுண்ணாம்புச் சுரூபங்களின் முகத்தைப் பார்க்கவேண்டி வந்தது. எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பழகிய முகங்கள். பாதி அழிந்த கண்மை, உடைந்த மூக்கு. எதிலும் மாற்றம் இல்லை. வைக்கோல் மறுபடியும் குழிந்திருந்தது. நேற்றைவிட நீளமாக.

இருபத்திரண்டாம் தேதி காலையில் அவை முன்னணையை விட்டு நகர்ந்திருந்தன. மூன்று ராஜாக்களும் மாடும் மேடையின் இடது ஓரத்தில், மற்றவை வலது ஓரத்தில், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. மழைக்குக் கூரையடியில் ஒதுங்கின ஜனங்கள் மாதிரி. நடுவில் பஞ்சுப் பனி அப்படியே கலையாமல் கிடந்தது. முன்னணைக்குள் வைக்கோல் தெரியவில்லை. ஒரு பழைய வாயில் சேலைத் துண்டு நாலாக மடித்து விரித்திருந்தது. தனுஷாவின் சேலை.

"நீயா போட்ட?"

"ஆமா. குளிருதில்ல."

"யாருக்குடி?"

தனுஷா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. "காலியாவே வச்சிருக்கியேம்மா. பாவம்."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டில் மகளுக்குக் கால் பிடித்துவிட்டபோது, சாலம்மாள் தற்செயலாக வயிற்றில் கை வைத்தாள். அசைவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வெந்நீர் குடிக்கச் சொன்னாள், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். வயிறு கட்டிப்போன மாவு மாதிரி சும்மா இருந்தது.

"எப்பலேந்துடி அசையல?"

"இங்க அசையாதும்மா. அங்க போனாதான்."

சொல்லிவிட்டு அவளே எழுந்து நடந்தாள். ஹாலுக்குள் நுழைந்து கணப்பின் முன்னால் நின்று அம்மாவின் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உடனே உள்ளே ஒரு உதை. அப்புறம் இன்னொன்று. உதை என்றுகூடச் சொல்ல முடியாது. வயிற்றுச் சுவரை உள்ளிருந்து தடவித் தேடுகிற மாதிரி, கணப்பு இருந்த பக்கமாகவே, நிறுத்தாமல்.

சாலம்மாள் விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். விடிந்ததும் ராசுவிடம் சொன்னாள். "புள்ளைய இங்க வச்சிருக்கக் கூடாதுங்க. கீழ கூட்டிம் போயிடலாம். ஆஸ்பத்திரியில சேத்துடலாம்."

அவள் முகத்தைப் பார்த்த ராசு இந்தத் தடவை எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. "பஸ்ஸுல வளைஞ்சி வளைஞ்சி போனா அவளுக்குத் தாங்காது. நாளைக்கு கள்ளக்குறிச்சி போறேன் இல்ல, கேக்கு சாமானெல்லாம் வாங்கியார? வரும்போது ஜீப்பு புடிச்சிகினு வரேன். நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அவளைக் கிளப்பி வை."

இருபத்துநாலாம் தேதி அவன் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனான். சாலம்மாள் பகல் முழுக்க மகளைப் பின்கட்டை விட்டு நகரவிடவில்லை. துணிகளை மூட்டை கட்டினாள், மாத்திரைச் சீட்டை எடுத்துவைத்தாள். மூன்று மணிக்கே பனி இறங்கி சில்வர் ஓக் மரங்களை அரைவாசியாக நறுக்கிவிட்டது. நாலாயிற்று. நாலரை. ராசுவின் போன் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்தது. டாக்டரம்மாதான் கூப்பிட்டாள்: உளுந்தூர்பேட்டையில் ஒரே நெரிசல், வர ஒன்பது ஆகும், குடில் ரெடியா?

"ரெடிங்கம்மா," என்றாள் சாலம்மாள்.

போனை வைத்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. காலியாக இருப்பதால்தானே எதுவோ வந்து படுக்கிறது? இடத்தை அடைத்துவிட்டால்? வழக்கத்துக்கு விரோதம்தான். சர்ச் சாமியார் கேட்டால் திட்டுவார். திட்டட்டும். தனுஷா கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து பீரோவைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, குழந்தை இயேசுவைக் கையில் எடுத்தாள். ஹாலுக்குப் போய் சேலைத் துண்டை உருவி எறிந்துவிட்டு, குழிக்குள் சுரூபத்தைப் படுக்கவைத்தாள். ஓரங்களில் ஒதுங்கியிருந்த சுரூபங்களை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். சீரியல் பல்பைப் போட்டதும் சிவப்பும் பச்சையும் கல்மேடை முழுக்க ஓடின. சூடு குறைந்த மாதிரி இருந்தது. வாசனையும் இல்லை. அஞ்சு நாளில் முதல் தடவையாக மூச்சு இறங்கியது.

அடுப்படியில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

டக்.

ஹாலில்தான். ஏதோ விழுந்தது.

கரண்டியோடு நின்றாள். காதைத் தீட்டிக்கொண்டாள். பனிச்சொட்டு ஓட்டில் விழுகிற சத்தம். கஞ்சி கொதிக்கிற சத்தம். அவ்வளவுதான்.

டக். டக்.

பிறகு வரிசையாக. சுண்ணாம்பு தரையில் நொறுங்குகிற சத்தம். தள்ளிவிட்டு விழுகிற வேகமில்லை. ஒன்று விழ, அடுத்தது ஓரத்துக்கு வந்து நின்று, யோசித்து, விழுவது மாதிரி.

"தனுசு!"

பின்கட்டுக் கட்டிலில் ஆள் இல்லை. போர்வை மட்டும்.

ஓடினாள்.

ஹாலில் விளக்கு எரியவில்லை. சீரியல் பல்பு மட்டும் சிவந்து, அணைந்து, பச்சையாகி. தரையெல்லாம் துண்டு துண்டாகக் கை, தலை, ராஜா கிரீடம். மாதா குப்புற விழுந்து இரண்டாகப் பிளந்திருந்தாள். குழந்தை இயேசு கணப்பின் வாய்க்குள், கரிக்குள் முகம் புதைந்து கிடந்தது.

தனுஷா கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்து, வேர்த்து, களைத்து. நைட்டியின் மார்பு இரண்டு வட்டமாக நனைந்திருந்தது.

"தனுசு. இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா." குரல் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. "முடிஞ்சிடுச்சி."

சாலம்மாள் மண்டியிட்டு மகளின் வயிற்றில் கை வைத்தாள்.

வயிறு இல்லை.

துணி ஒட்டிப்போய்க் கிடந்தது. உள்ளே மெத்தென்று, வெறுமையாக. தரையைத் தடவினாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தண்ணீர் இல்லை. மடியில் எதுவும் இல்லை.

மேலே, கல்மேடையில், வைக்கோல் சரசரத்தது.

"தூக்கேம்மா," என்றாள் தனுஷா. "பசிக்குது அதுக்கு. எனக்கு எழுந்துக்க முடியல."

போகக் கூடாது என்று தெரிந்தது. வாசல் எட்டு அடியில்தான் இருந்தது. மகளை இழுத்துக்கொண்டு பனிக்குள் ஓடிவிடலாம். ஆனால் எட்டு மாசமாக அவள் காத்திருந்ததும் இதற்குத்தான். மகள் வயிற்றில் இருந்ததை இங்கே விட்டுவிட்டு எங்கே போவாள்? அது நிஜமாகவே பிள்ளையாக இருந்தால்? ஒரு சாண் பிள்ளை, குறைமாசப் பிள்ளை, குளிரில்? அவள் எழுந்தாள். சவுக்குக் கொத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னணைக்குள் அந்தச் சேலைத் துண்டு சுருண்டிருந்தது. தூக்கி எறிந்த துண்டு. அதற்குள் ஏதோ மூச்சு விட்டது. சின்னதாக. மேலும் கீழும்.

சிவப்பு. பச்சை.

"ஏசுவே," என்றாள். துணியின் ஓரத்தை விலக்க ஒரு விரலை நீட்டினாள்.

துணிக்குள்ளிருந்து அதைப் பிடித்துக்கொண்டது. பிறந்த குழந்தை பிடிப்பது போலவே. மெதுவாக, ஈரமாக, சூடாக.

"பாத்தியா," தனுஷா கீழேயிருந்து சிரித்தாள். "ஆயான்னு தெரியுது பாரு அதுக்கு."

சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சுற்றின. ஒன்று. இரண்டு. மூன்று. சாலம்மாளால் கையை உருவ முடியவில்லை. நாலு. ஐந்து.

ஆறாவது விரலும் வந்தது. அதற்கடுத்ததும். துணி விலகாமல், அவசரமில்லாமல், அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. அவள் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை நோக்கி.