மாசி மகத்தில் பிறந்தவர்

ஆவணித் திங்களின் முழுமதி நாகப்பட்டினத்துக் கீழைக்கடலில் மெல்ல மேலெழுந்து, அலைகளின்மீது உருகிய வெள்ளியை ஊற்றிக்கொண்டிருந்த அந்தி வேளை அது. கரையில் தென்காற்று வீசிற்று. தென்னைகள் தலைவிரித்து ஆடின. ஆயினும், துறையினின்று விலகி நங்கூரம் பாய்ச்சி நின்ற சீனத்து மரக்கலத்தின் கொடி மட்டும் அசையவே இல்லை. மூங்கில் வரிச்சுகள் பின்னிய அதன் பாய்கள், மடித்த வௌவால் சிறகுகளைப்போல் பாய்மரத்தில் தொங்கின. வாசகப் பெருமக்கள் இதனைத் தற்செயல் என்று கருதினால் மறுத்துரைக்கும் துணிவு நமக்கில்லை. ஆனால், படகேறி அக்கலத்துக்குச் சென்றுகொண்டிருந்த பூதிநங்கையின் உள்ளத்தில் இனம் தெரியாத அச்சம் குடிபுகுந்தது.

அவள் சோழர் துறைமுகத்தில் சீன வணிகர்களின் மொழியை அதிகாரிகளுக்கு எடுத்துரைக்கும் பணியில் இருந்தவள். சோழ அரசரின் ஓலையுடன் சீனம் செல்லவிருந்த தூதர் வீதிவிடங்கரின் பிறந்த ஆண்டைச் சீனக் கணக்குக்கு மாற்றித் தந்தவளும் அவளே. பத்து நாள் பழக்கத்தில் அத்தூதரிடம் தன் மனத்தைப் பறிகொடுத்திருந்தாள் என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

கலத்தின் நாள்கணிப்பவனான லியாங், விளக்கின் முன்னே பஞ்சாங்கத்தை விரித்து அமர்ந்திருந்தான். இருபது ஆண்டுகள் இத்துறைக்கு வந்துபோனவனாதலால் தமிழ் அவன் நாவில் தாராளமாகப் புழங்கிற்று.

"வாருங்கள் அம்மணி. தூதருக்கு யுவ ஆண்டு, ஆகவே எங்கள் கணக்கில் பன்றி ஆண்டு என்று எழுதிக் கொடுத்தீர்கள். எந்த மாதத்தில் பிறந்தார் என்று எழுதவில்லையே?"

"மாசி மகத்தன்று பிறந்தவர். மாதமும் வேண்டுமா?"

லியாங்கின் தூரிகை நின்றது.

"உங்கள் ஊர்ப் புத்தாண்டு பெரிய சோம்பேறி. சித்திரை வரையில் படுத்துக் கிடக்கும். எங்கள் புத்தாண்டு அதற்கு முன்பே எழுந்து குளித்துவிடும். மாசி மகத்துக்கு யுவ ஆண்டு உங்களுக்குத்தான் மிச்சம். எங்களுக்கு அடுத்த ஆண்டு பிறந்துவிட்டது. உங்கள் தூதர் பன்றி அல்ல, எலி."

இரு நாட்டாருக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு என்ற துணிவில், ஆண்டுக்கு ஆண்டு நேராக நிறுத்திக் கணக்கிட்டது பூதிநங்கையின் பிழை.

"அதனால் என்ன கேடு?" என்றாள்.

"நாள்களைப் பன்னிரு காவலர்கள் முறைவைத்து ஆள்கிறார்கள். ஒருவன் நிறைப்பான், ஒருவன் உடைப்பான், ஒருவன் மூடுவான். நாளைய காவலன் திறப்பவன். கடற்பயணத்துக்கு அவனைவிட நல்லவன் இல்லை. ஆனால் ஆண்டைப்போல் நாளுக்கும் ஒரு விலங்கு உண்டு. நாளை குதிரையின் நாள். குதிரைக்கு நேரெதிரே நிற்பது எலி. ஊருக்கெல்லாம் நல்ல நாள், அந்த ஒருவருக்கு மட்டும் மோதும் நாள்."

"வேறு நாள் பாருங்கள், ஐயா."

"அடுத்த திறப்பு நாளுக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காற்று திரும்பிவிடும் என்கிறார் கலத்தலைவர். நாளோடு மோதுகிறவனைக் கடல் கேட்கும், அம்மணி. பேரலை எழுந்தால் எங்கள் மாலுமிகள் அவரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அவர் பெயரும் பிறப்பும் எழுதிய சீட்டை அறைக்கதவில் ஒட்டியாயிற்று. விடியும் வரையில் என் வாயை மூடிவைக்கிறேன். அதற்குமேல் முடியாது."

கரைக்கு மீண்ட பூதிநங்கை, சுங்க மண்டபத்தின் தூணருகே நின்ற தூதரிடம் யாவற்றையும் சொல்லிமுடித்தாள்.

"தங்கள் உயிருக்கு உலைவைத்தவள் நான். இப்பயணத்தைக் கைவிட்டருள வேண்டும்."

அவரோ அஞ்சவில்லை. கடலை நோக்கித் திரும்பி, "அந்த மோதும் நாள் அவருக்கு முன்பே வந்துவிட்டது, நங்கையே" என்றார்.

"யாருக்கு?"

"வீதிவிடங்கருக்கு. நான் அவரல்லன். அவருக்குக் கேடயம் தாங்கிய கொற்றன்."

அலையோசை ஒருகணம் அடங்கியதுபோல் பூதிநங்கைக்குத் தோன்றிற்று.

"கொள்ளிட வெள்ளத்தில் ஓடம் கவிழ்ந்தது. ஓலைப்பேழையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடியே அவர் மூழ்கினார். பேழை என் கைக்கு வந்தது. அவர் வரவில்லை, மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கொண்டுசேர்ப்பேன் என்று அந்த நீரைத் தொட்டு ஆணையிட்டேன். உண்மையைச் சொன்னால் கொலைப்பழி என்மேல் விழும். விசாரணை முடிவதற்குள் காற்றும் போய்விடும். ஆகவே அவர் மோதிரத்தை அணிந்தேன், அவர் சாதகத்தையே உங்களிடம் தந்தேன்."

ஏமாற்றப்பட்டோம் என்ற சினமும், இவர் பிழைத்தார் என்ற ஆறுதலும் அவள் நெஞ்சில் ஒருசேரப் பொங்கின.

"தாங்கள் பிறந்தது எப்போது? இதையாவது உள்ளபடி சொல்லுங்கள்."

"வெகுதானிய ஆண்டு, ஐப்பசி."

இம்முறை அவள் மாதத்தையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினாள். "புலி. குதிரைக்கு நட்பு. தங்களுக்கு நாளை நல்ல நாள்" என்றவளின் கண்கள் நிறைந்திருந்தன.

"திரும்பி வரும்போது இந்தத் துறையில் நீங்கள் என்னைக் கொற்றன் என்று அழைக்க வேண்டும். அதுவரை எனக்கு அந்தப் பெயர் இல்லை."

"அழைக்கிறேன். அதுவரை வேறொருவர் வாயில் அது வாராமல் காப்பேன். இந்தக் கடல் சாட்சி" என்று அவள் ஆணையிட்டாள்.

விடியலில் வெண்பனி போன்ற மூடுபடலம் நீரின்மீது கவிந்திருந்தது. தூதரை அழைத்துச் செல்லும் படகில் லியாங் ஒரு பலகையில் அமர்ந்திருந்தான். பூதிநங்கை அவன் மொழியிலேயே தாழ்ந்த குரலில் கூறினாள்: "நான் தந்த பிறப்பு தவறு, ஐயா. இவர் வெகுதானிய ஆண்டு ஐப்பசியில் பிறந்தவர்."

லியாங் அவளையும் கொற்றனையும் மாறிமாறிப் பார்த்தான். கொற்றனுக்கும் புரிய வேண்டும் என்பதுபோல் தமிழில் மறுமொழி சொன்னான்.

"புலியா? நல்லது. மாசி மகத்தில் பிறந்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒட்டிய சீட்டைப் பயணம் முடியும்வரை கிழிப்பது எங்கள் கலத்து வழக்கமில்லை. அதன் அடியில் புலி என்று எழுதுகிறேன். ஒரு கதவில் இரண்டு பிறப்பு எழுதினால் இரண்டு பேர் வருவார்கள். சம்மதமா?"

பூதிநங்கை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கொற்றன் கையமர்த்தினான்.

"வரட்டும், ஐயா. இது அவருடைய தூது."

பேழையை மார்போடு அணைத்தபடி அவன் படகில் கால்வைத்தான். படகு ஒருபுறம் தாழ்ந்து மெல்ல நிமிர்ந்தது. கரையில் நின்ற பூதிநங்கை பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, யாரும் ஏறாத படகு மீண்டும் ஒருமுறை தாழ்ந்தது. உலர்ந்திருந்த பலகையில் ஈரம் படர்ந்தது.

துடுப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். லியாங் தன் அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பலகையில் இன்னொருவருக்கு இடம்விட்டு நகர்ந்து அமர்ந்தான்.